பள்ளி அடைப்பதற்கு முன் ஒரு தாள், தமிழிலும்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவின் கிழக்கு எல்லைப் பஞ்சாயத்துத் தலைவர்கள், வார்டு மெம்பர்கள், வாயனசாலை (நூலகம்) நிர்வாகிகள், குடும்பஸ்ரீ என்ற பெண்கள் அமைப்பின் பொறுப்பாளர்கள் அனைவருக்கும் வணக்கம். கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு எங்கே என்ன நடக்கிறது என்பதை மலையாளத்திலும் தமிழிலும் சொல்லும் ஓர் அறிவிப்புத் தாளைக் கேட்டு எழுதுகிறேன்.

மார்ச் கடைசியில் நம் பள்ளிக்கூடங்களை அடைத்தால் ஜூனில்தான் திறப்பார்கள். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதில் ஏப்ரல்தான் பெரும்பாடு. பொள்ளாச்சியிலும் உடுமலையிலும் இருக்கிற மாமன் பிள்ளைகளுக்கு அப்போது முழு ஆண்டுத் தேர்வு நடக்கும். அங்கே அனுப்பவும் வழியில்லை. அப்பா தோப்பு வேலைக்கோ எல்லை தாண்டி மில்லுக்கோ போய்விடுவார். அம்மா தொழிலுறப்பு (ஊரக வேலை உறுதித் திட்டம்) வேலைக்கு. வீட்டில் பாட்டியும் போனும்தான் மிச்சம். பாலக்காட்டு டவுனில் நடக்கும் முகாம்களுக்கு பீஸ் கட்டி, தினமும் பஸ்ஸுக்கும் காசு கொடுத்து அனுப்ப இங்கே எத்தனை வீட்டால் முடியும்?

புதுத் திட்டம் வேண்டும் என்று நான் கேட்க வரவில்லை. காசில்லாமல் பிள்ளைகள் போய்வர இடங்கள் நம் ஊரிலேயே இருக்கின்றன. வாயனசாலைகளில் பாலவேதி என்ற சிறுவர் மன்றம் இருக்கிறது. குடும்பஸ்ரீயில் பாலசபை என்ற பிள்ளைகள் குழு இருக்கிறது. பள்ளி மைதானம் இருக்கிறது. ஆனால் எந்த வார்டில், எந்த நாளில், எத்தனை மணிக்கு, யாரைக் கேட்க வேண்டும் என்பது வீடுகளுக்குத் தெரிவதில்லை. ஒரு கேரம் போர்டு அலமாரி மேல் தூசி படிந்து கிடக்கிறது, அதைக் கேட்டால் எடுத்துத் தருவார்கள் என்பது தெரியாமல் பக்கத்துத் தெருப் பையன்கள் வெயிலில் சுற்றுகிறார்கள். இதற்காக நான் யாரையும் குறை சொல்லவில்லை. செய்தி போய்ச் சேரும் வழி சரியில்லை, அவ்வளவுதான்.

அறிவிப்பு வந்தாலும் பெரும்பாலும் மலையாளத்தில் மட்டும்தான் வருகிறது. பிள்ளைகள் எப்படியோ எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவார்கள். ஆனால் பிள்ளையை அனுப்புவதா வேண்டாமா என்று முடிவு செய்வது அம்மாதானே? நம் ஊர் அம்மாக்களில் பலர் பொள்ளாச்சிப் பக்கமிருந்து கல்யாணமாகி வந்தவர்கள். பேச்சு புரியும், எழுத்து தெரியாது. வாட்ஸப்பில் வந்த போஸ்டரைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, படத்தில் இருக்கிற பிள்ளைகளை வைத்து என்னவென்று ஊகிக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். 1969ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டமே, மொழிச் சிறுபான்மைப் பகுதித் தமிழர்கள் அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதலாம், பதிலும் தமிழிலேயே தரவேண்டும் என்கிறது. கடிதத்துக்கு அந்த மரியாதை உண்டென்றால், பிள்ளைகளின் கோடைக்கான ஓர் அறிவிப்புக்கும் இருக்கட்டும்.

அதனால் என் வேண்டுகோள் இதுதான்: மார்ச் இரண்டாம் வாரத்துக்குள், ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு தாள், இரண்டு மொழியிலும். அதை பஞ்சாயத்து ஆபீஸ் போர்டில் மட்டும் ஒட்டினால் போதாது. பால் சொசைட்டியில் ஒட்டுங்கள். காலையில் கேனோடு வரிசையில் நிற்கும்போதுதான் நம் ஊர்க்காரர்களுக்கு எதையாவது நின்று படிக்க நேரம் கிடைக்கிறது. ரேஷன் கடையிலும் அங்கன்வாடியிலும் ஒன்றொன்று. குடும்பஸ்ரீயின் அக்கம்பக்கக் குழுவான அயல்கூட்டத்தில் ஒருவர் சத்தமாக வாசித்துவிட்டால் இன்னும் நல்லது.

நேரத்தையும் கொஞ்சம் யோசியுங்கள். இது பாலக்காட்டு வெயில், 40 டிகிரியைத் தொடுகிற வெயில். வெளியில் வேலை செய்பவர்களுக்கே கோடையில் மதியம் 12 முதல் 3 வரை ஓய்வு என்று அரசு உத்தரவு போடுகிறது. பிள்ளைகளுக்கான எதுவும் காலை பத்தரைக்குள் முடியட்டும், இல்லாவிட்டால் நாலரைக்கு மேல் தொடங்கட்டும். நடுப்பகலுக்கு வாயனசாலைதான் சரி. மின்விசிறியும் ஒரு குடம் தண்ணீரும் இருந்தால் போதும். மாலையில் மட்டும் திறக்கும் வாயனசாலைகள் இந்த இரண்டு மாதம் பகலிலும் திறக்க வேண்டும். சாவியை வைத்துக்கொள்ள ஊரில் ஓய்வு பெற்ற வாத்தியார்கள் இருக்கிறார்கள். ஜூன் 19 வாசிப்பு தினத்தை நன்றாகவே கொண்டாடுகிறோம். அதற்கு முந்தைய இரண்டு மாதம் பிள்ளைகள் சும்மா இருக்கும்போதே புத்தகத்தைக் கையில் கொடுத்தால் என்ன? ஆனால் தமிழ்ச் சிறுவர் புத்தகங்கள் ஓர் அலமாரியாவது வேண்டும்.

இன்னொன்று, இது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது: நீச்சல். விடுமுறையில் பையன்கள் சித்தூர்ப் புழை ஆற்றுக்கும், கைவிட்ட கல்குவாரிக் குட்டைகளுக்கும் குளிக்கப் போகிறார்கள். போகாதே என்றால் கேட்கிற வயது இல்லை அது. தீயணைப்பு நிலையத்தாரின் உதவியைக் கேட்டு, ஆழமில்லாத குளம் ஒன்றில், பெரியவர்கள் காவலிருக்க, கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரம் ஒதுக்குங்கள். முழு நீச்சல் வராவிட்டாலும், தண்ணீரில் பதறாமல் மிதக்கவும், முங்குபவனைக் காப்பாற்றத் தானும் குதிக்காமல் கயிறோ துணியோ வீசவும் தெரிந்துகொண்டால்கூடப் போதும்.

முடிந்தால் ஒரு நாள் தோல்பாவைக்கூத்துக் கலைஞர்களை அழையுங்கள். நம் மாவட்டத்துப் பத்திரகாளி கோயில்களின் கூத்துமாடங்களில் அவர்கள் பாடுவது கம்பராமாயணம், அதுவும் தமிழில். தமிழ் வழியில் படிக்கிற பிள்ளைக்கு, தன் மொழி இந்த மண்ணுக்கும் சொந்தம் என்று அன்றைக்குத் தெரியும். கலைஞர்களுக்கான சன்மானத்தைப் பஞ்சாயத்து தரட்டும், பிள்ளைகளிடம் வசூல் வேண்டாம்.

மொழிபெயர்க்க ஆளில்லை என்ற தடை வரவேண்டாம். மலையாளத்தில் எழுதிய தாளைக் கொடுத்தால், நானும் இரண்டு மொழியும் தெரிந்த நண்பர்களும் அன்று மாலையே தமிழில் எழுதித் தருகிறோம். பால் சொசைட்டிகளில் ஒட்டும் வேலையையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
எல்லையோரத் தமிழ்ப் பெற்றோரில் ஒருவர்