விசில் ஊதியதும் கடிகாரம் நிற்கட்டும்

நெல்லை வட்டாரத்தில் கூடைப்பந்துப் போட்டி நடத்துகிற அமைப்பாளர்களுக்கும் நடுவர்களுக்கும்,

வணக்கம். பாளையங்கோட்டை மைதானங்களில் ஆடி வளர்ந்து, இப்போது கோட்டுக்கு வெளியே நின்று பார்க்கிற ஒருவன் எழுதுகிறேன். ஆட்டக் கடிகாரத்தை நடுவரின் விசிலோடு இணைக்கும் கருவியை நம் போட்டிகளுக்கும் கொண்டுவாருங்கள்.

இப்போது நடப்பது உங்களுக்கே தெரியும். நடுவர் ஃபவுலுக்கு விசில் ஊதுகிறார். டேபிளில் உட்கார்ந்து கடிகாரத்தை இயக்கும் டைமர் அதைக் கேட்டு பொத்தானை அழுத்துவதற்குள் கொஞ்சம் நேரம் ஓடிவிடுகிறது. கூட்டம் கத்துகிற இறுதி ஆட்டத்தில் இன்னும் கூடுதலாகவே ஓடும். ஒரு தடவைக்கு அரை நொடி என்று வைத்துக்கொண்டாலும், கடிகாரம் 48 தடவை நிற்கிற ஆட்டத்தில் 24 நொடி போச்சு. ஓர் அணி பந்தை எடுத்துக்கொண்டு போய் எறிய விதி தருகிற முழு நேரமே அவ்வளவுதான்.

கடைசி நிமிடத்தில் பத்தில் ஒரு நொடிக்கும் கணக்கு உண்டு. 0.3 நொடி இருந்தால், கோட்டுக்கு வெளியிலிருந்து உள்ளே போடும் த்ரோ-இன் பந்தைப் பிடித்துக் கூடைக்கு எறியலாம். 0.2 என்றால் தட்டிவிடலாம், இல்லையென்றால் டங்க் அடிக்கலாம், அதாவது நேரே கூடைக்குள் திணிக்கலாம், வேறு வழியில்லை.

எனக்கு அதிக வருத்தம் அந்த டைமரை நினைத்துத்தான். பெரும்பாலும் போட்டி நடக்கும் பள்ளியிலோ கல்லூரியிலோ படிக்கிற பையன். நாகர்கோவிலிலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ வந்த அணி ஒரு பாயிண்டில் தோற்றால், “உள்ளூர்க்காரன் டைமை ஓடவிட்டுட்டான்” என்ற பேச்சு அவன் தலையில்தான் விழுகிறது. கண்ணும் கையும் எவ்வளவு வேகமாக இருந்தாலும் அந்தப் பழியிலிருந்து அவன் தப்ப முடியாது. 1972 மியூனிக் ஒலிம்பிக் இறுதி ஆட்டத்திலேயே கடிகாரக் குழப்பத்தால் கடைசி 3 நொடியைத் திரும்ப ஆடவைத்தார்கள். சோவியத் அணி 51-50 என்று வென்றது. அமெரிக்க வீரர்கள் வெள்ளிப் பதக்கத்தை வாங்கவே இல்லை.

இந்தக் கருவியை உருவாக்கியவரும் ஒரு நடுவர்தான், அமெரிக்காவின் மைக் காஸ்டபைல். நடுவரின் விசிலுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய மைக், இடுப்பில் ஒரு பெட்டி. விசில் சத்தம் மைக்கில் பட்டதும் கம்பியில்லாமல் சிக்னல் போய்க் கடிகாரம் நின்றுவிடும். மறுபடி ஓடவிட நடுவர் இடுப்புப் பெட்டியில் உள்ள பொத்தானைத் தட்டுவார். அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வில் பல வருடங்களாகப் புழங்குகிறது; பன்னாட்டுக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபீபாவின் விதியிலும் இடம் உண்டு. ஆனால் அணிந்தால் எல்லா நடுவர்களும் அணிய வேண்டும். கடிகாரத்தை ஓடவிடும்போது டைமரும் கூடவே அழுத்த வேண்டும். அதாவது டைமருக்கு வேலை போகாது. நடுவர் பொத்தானை மறந்தால் காப்பாற்றப்போவது டைமர்தான்.

நம் ஊருக்கென்று சில சிக்கல்கள் உண்டு. திறந்தவெளி கோட்டு, ஆனி ஆடிக் காற்று, பக்கத்துக் கோட்டில் இன்னொரு ஆட்டத்தின் விசில். அதனால் ஆட்டத்துக்கு முன்பு ஒவ்வொரு நடுவரும் ஊதிப் பார்த்துச் சோதித்தே ஆக வேண்டும். ஸ்கோர்போர்டோடு கருவி பொருந்துமா என்பதை வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். சார்ஜும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

செலவு அதிகம் என்பீர்கள். ஒவ்வொருவரும் தனியாக வாங்கச் சொல்லவில்லை. தூத்துக்குடி 1986-லும் தென்காசி 2019-லும் பிரியும்வரை நாம் ஒரே மாவட்டம்தானே. மூன்று மாவட்ட அமைப்பாளர்களும் சேர்ந்து ஒரு செட் வாங்கி, போட்டி நடக்கும் ஊருக்கு மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். முதலில் அரையிறுதி, இறுதி ஆட்டங்களுக்கு மட்டும் போதும். அப்புறம் மற்ற ஆட்டங்களைப் பார்க்கலாம். அதுவரை, டேபிளில் உட்காரும் பிள்ளைகளுக்கு ஒரு நாள் பயிற்சியாவது கொடுங்கள், ஆட்டம் தொடங்கும் நேரத்தில் கிடைத்தவரைப் பிடித்து உட்காரவைக்க வேண்டாம்.

மே மாத விடுமுறைப் போட்டிகளுக்கான கூட்டத்தில் இதைப் பேசி முடிவு சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டைப் பழைய ஆட்டக்காரன் ஒருவன்