அதையும் சேர்த்துப் போடுங்கள்: செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் நாளிதழ்களிலும் செய்தித் தொலைக்காட்சிகளிலும் பொறுப்பில் இருக்கும் ஆசிரியர்களுக்கு, வணக்கம்.

என் அம்மாவுக்கு வயது 68. 19 வருடமாகச் சர்க்கரை. காலையும் இரவும் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். 2024 அக்டோபரில் வழக்கமான பரிசோதனைக்குக் கூட்டிப் போயிருந்தேன். மருந்துச் சீட்டுகள் வைத்திருக்கும் பிளாஸ்டிக் கவரிலிருந்து நாலாக மடித்த ஒரு செய்தித்தாள் துண்டை எடுத்து டாக்டரின் மேசையில் விரித்து வைத்தார். ஓரமெல்லாம் கத்தரிக்கோலால் நேராக வெட்டியிருந்தார். சர்க்கரை நோய்க்கு நிரந்தரத் தீர்வு, சீன விஞ்ஞானிகள் சாதனை என்று தலைப்பு. "இது எப்ப சார் நம்ம ஊருக்கு வரும்?" என்று கேட்டார்.

டாக்டர் சிரிக்கவில்லை. பொறுமையாக விளக்கினார். செய்தி பொய் இல்லை. தியான்ஜின் நகரில் 25 வயதுப் பெண் ஒருவரின் உடலிலிருந்தே செல்களை எடுத்து, வேதிப்பொருள்களால் அவற்றை எந்த வகைச் செல்லாகவும் வளரக்கூடிய ஸ்டெம் செல்களாக மாற்றி, அவற்றிலிருந்து இன்சுலின் சுரக்கும் செல் திட்டுகளை வளர்த்து, வயிற்றுத் தசைக்குள் வைத்தார்கள். இரண்டரை மாதத்தில் ஊசியே தேவைப்படவில்லை. ஒரு வருடம் தாண்டியும் அப்படித்தான். 'செல்' ஆய்விதழில் வந்த கட்டுரை அது. ஆனால் அந்தப் பெண்ணுக்கு இருந்தது, உடலின் எதிர்ப்புச் சக்தியே இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடும் முதல் வகை நீரிழிவு, அம்மாவுக்கு இரண்டாம் வகை. அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே கல்லீரல் மாற்று அறுவை நடந்திருந்ததால், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளைத் தொடர்ந்து சாப்பிட்டு வந்தார். அந்த மருந்து இல்லாதவர் உடலில் புதிய செல்கள் தாக்குப்பிடிக்குமா என்பதை அவரை வைத்துச் சொல்ல முடியாது. எல்லாவற்றுக்கும் மேல், கட்டுரை சொல்வது ஒரே ஒருவரின் கதை.

பஸ்ஸில் திரும்பும்போது அம்மா ரொம்ப நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். அப்புறம் கேட்டார்: "அதையும் சேர்த்துப் போட்டிருக்கலாம்ல?"

இந்தக் கடிதம் அந்தக் கேள்விக்காகத்தான்.

உங்கள் வேலை எனக்குத் தெரியாமல் இல்லை. இரவு பத்து மணிக்கு ஏஜென்சி செய்தி வருகிறது, ஒரே உதவி ஆசிரியர் இருபது செய்தியை மொழிபெயர்க்க வேண்டியிருக்கிறது, பக்கத்தில் மீதி இருப்பது பத்து வரி. அந்தப் பத்து வரிக்குள் ஒரு வரியைத்தான் கேட்கிறேன். சோதித்தது எலியிலா, கண்ணாடிக் குடுவையிலா, மனிதரிடமா? மனிதர் என்றால் எத்தனை பேர்? இந்த ஒரு வரி இருந்திருந்தால் அம்மா அந்தத் துண்டை வெட்டியிருக்க மாட்டார். வெட்டியிருந்தாலும், என்ன எதிர்பார்க்கலாம் என்று தெரிந்து வெட்டியிருப்பார்.

இன்னொன்று எனக்கு இதைவிட முக்கியம். நான் பிளஸ் டூ வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். 2023 ஜூலை கடைசியில் மாணவர்கள் செல்போனை நீட்டிக்கொண்டு ஓடி வந்தார்கள். காந்தத்துக்கு மேல் ஒரு கறுப்புத் துண்டு பாதி எழும்பி நிற்கும் வீடியோ. தென்கொரிய ஆய்வாளர்கள் எல்கே-99 என்ற பொருளைச் செய்திருக்கிறார்கள், அறை வெப்பநிலையிலேயே மின்தடை துளியும் இல்லாத மீக்கடத்தி அது என்ற செய்தி. அன்று நானும் பரவசப்பட்டேன். 1911இல் மைனஸ் 269 டிகிரிக்குக் குளிர்வித்த பாதரசத்தில் முதன்முதலாகக் கண்ட குணம் அல்லவா? இன்றைக்கும் பெரும்பாலான எம்ஆர்ஐ இயந்திரங்களின் காந்தச் சுருளைத் திரவ ஹீலியத்தில் அமிழ்த்தித்தான் வைத்திருக்கிறோம். அந்தக் குளிரே வேண்டாம் என்றால் மின்கம்பி முதல் ரயில் வரை எல்லாம் மாறிவிடும். செய்தி பெரிதாக வந்ததில் எனக்குக் குறையே இல்லை. மற்ற ஆய்வாளர்கள் சரிபார்ப்பதற்கு முன்பே இணையத்தில் ஏற்றிய முன்வரைவு அது என்ற குறிப்பு மட்டும் இருந்திருக்கலாம்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அருமையான கதை, அதை யாரும் எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. உலகமெங்கும் ஆய்வகங்கள் அடுப்பைப் பற்றவைத்து அதே பொருளைச் செய்துபார்த்தன. டெல்லியில் நம் தேசிய இயற்பியல் ஆய்வகமும் செய்தது. மீக்கடத்தும் தன்மை தென்படவில்லை. பெய்ஜிங்கில் ஒரு குழு மர்மத்தை அவிழ்த்தது. இந்தப் பொருளைச் செய்யும்போது காப்பர் சல்ஃபைடு கசடாகத் தங்கிவிடுகிறது. ஏறக்குறைய 104 டிகிரியில் அதன் படிக அமைப்பு மாறி, மின்தடை சட்டென்று விழுகிறது. அந்தச் சரிவைத்தான் மீக்கடத்தல் என்று நினைத்துவிட்டார்கள். பாதி எழும்பி நிற்பதற்கும் சாதாரணக் காந்தத்தன்மை போதும். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தார் கசடே இல்லாமல் தூய படிகத்தை வளர்த்தார்கள். ஊதா நிறத்தில், ஒளி ஊடுருவும்படி இருந்தது. மின்சாரத்தையே விடவில்லை. எல்லாம் சேர்ந்து நாலு வாரத்துக்குள் முடிந்துவிட்டது.

போன வருடத் தேர்வில் ஒரு மாணவன், 2023இல் அறை வெப்பநிலை மீக்கடத்தி கண்டுபிடிக்கப்பட்டது என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தான். மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டு, அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து மீதிக் கதையைச் சொன்னேன். கண் விரியக் கேட்டான். "இது ஏன் மிஸ் நியூஸ்ல வரல?" என்றான். தொடங்கி வைத்த செய்தியை முடித்தும் வையுங்கள். அதே இடத்தில், அதே அளவு எழுத்தில் கேட்கவில்லை. மூலையில் ஒரு பெட்டி போதும்.

'ஆய்வில் அதிர்ச்சித் தகவல்' என்ற தலைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2023 ஜூலையில்தான் அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பு புற்றுநோய் வரவழைக்கும் என்று எங்கும் பேச்சு. எங்கள் வீட்டில் சுகர்ஃப்ரீ டப்பா குப்பைக்குப் போனது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை வைத்தது 2பி, அதாவது 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற படியில். அந்தப் படி, ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதைச் சொல்வது. ஆபத்து எவ்வளவு என்பதை அது அளப்பதில்லை. அதே படியில் கற்றாழை முழு இலைச் சாறும் இருக்கிறது. அதே நாளில் இன்னொரு நிபுணர் குழு, ஒருநாள் உச்ச அளவை மாற்றத் தேவையில்லை என்றது. 70 கிலோ எடையுள்ளவர் தினமும் 9 முதல் 14 டின் டயட் பானம் குடித்தால்தான் அந்த அளவைத் தாண்டுவார். பயந்துபோய் அம்மா டீயில் மறுபடி சர்க்கரை போட்டுக்கொண்டார். எங்கள் வீட்டில் அந்தச் செய்தியால் விளைந்தது அதுதான்.

கொண்டாட வேண்டியதைக் கொண்டாடவும் தவறுகிறோம் என்பது என் ஆதங்கம். 2024இல் லெனகாபவிர் என்ற எச்ஐவி தடுப்பு மருந்தின் சோதனை முடிவு வந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி. தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் அதைப் போட்டுக்கொண்ட 2,134 பெண்களில் ஒருவருக்குக்கூட எச்ஐவி தொற்றவில்லை. தினமும் தடுப்பு மாத்திரை எடுத்த ஒரு பிரிவில் 1,068 பேரில் 16 பேருக்குத் தொற்றியது. இந்தியாவில் எச்ஐவி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில். அந்த மாநிலத்தில் இது முதல் பக்கச் செய்தி. நான் வாங்கும் தாளில் எட்டாம் பக்க மூலையில் நாலு வரி வந்தது.

சந்தேகம் வந்தால் கேட்க ஆள் இல்லாத ஊர் இல்லை இது. பல்கலைக்கழகங்களிலும் மருத்துவக் கல்லூரிகளிலும் தமிழில் விளக்கக் காத்திருக்கும் பேராசிரியர்கள் இருக்கிறார்கள். ஒரு போன் போதும். பள்ளி ஆசிரியர்கள் நாங்களும் இருக்கிறோம், இரவு பத்து மணிக்குக் கூப்பிட்டாலும் எடுப்போம்.

அம்மா அந்தத் துண்டை இன்னும் கவருக்குள்தான் வைத்திருக்கிறார். தியான்ஜின் பெண் இப்போது எப்படி இருக்கிறார், இன்னும் எத்தனை பேருக்குச் செய்து பார்த்தார்கள் என்று அவ்வப்போது என்னைக் கேட்கிறார். அடுத்த முடிவு வரும்போது, நல்லதோ கெட்டதோ, போடுங்கள். அவர் தேடிப் படிப்பார்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
திருச்சி