டீப் கிளீனிங் பல்லை ஆட வைக்காது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார நலவாழ்வுப் பக்கத்தில் ஈறு நோய் பற்றிய கட்டுரையில், டீப் கிளீனிங் (ஈறுக்கு அடியில் வேர்வரை சுரண்டிச் சுத்தம் செய்வது) செய்தால் பற்கள் ஆட்டம் கண்டுவிடும், கூடுமானவரை தவிர்ப்பதே நல்லது என்று ஒரு வரி வந்திருந்தது. அதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை.

பல் ஏன் ஆடுகிறது என்பது தாங்கள் அறியாததல்ல. பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரைவதால் ஆடுகிறது. ஈறுக்கு அடியில் வேரோடு ஒட்டியிருக்கும் பற்காரையும் கிருமிகளும் கிளப்பிவிடும் அழற்சிதான் அந்த எலும்பைக் கரைக்கிறது. காரையை எடுத்ததும் வீக்கம் வடிந்து ஈறு சுருங்கும். பல்லிடுக்கில் சந்து தெரியும், குளிர்ந்த தண்ணீர் சில வாரம் கூசும். பிடிப்பு எவ்வளவு போயிருக்கிறது என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது. பழி மட்டும் சுத்தம் செய்தவர்மேல்!

இதே பேச்சைக் கேட்டுத்தான் என் அம்மா கடைசிவரை மறுத்தார். வலியே இல்லை, அப்புறம் எதற்கு என்பார். இந்த நோய் பெரும்பாலும் வலிக்காது என்பதுதான் கொடுமை. கீழ் முன்பற்கள் விலகி, சாப்பிடவே முடியாமல் போனபோது எலும்பு மிச்சமில்லை. போன எலும்பு தானாகத் திரும்ப வளர்வதில்லை.

எனக்கும் அதே நோய் வந்தது. ஒவ்வொரு பல்லையும் சுற்றி மெல்லிய கம்பியால், பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே உள்ள பையின் ஆழம் அளந்தார்கள். மூன்று மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டியது பல இடங்களில் 5, சில இடங்களில் 6. மரத்துப்போக ஊசி போட்டு, ஒரு சமயத்துக்குப் பாதி வாய் என்று வேர்வரை சுரண்டி எடுத்தார்கள். பிறகு அளந்தபோது ஓரிடம் தவிர மற்றவை 3, 4-க்கு வந்துவிட்டன. ஒரு பல்கூட ஆடவில்லை.

எல்லாருக்கும் இது வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எலும்பு கரையாமல் ஈறு மட்டும் வீங்கியிருந்தால் வேர்வரை போகாமல் பல்லைச் சுத்தம் செய்யும் சாதாரண ஸ்கேலிங்கே போதும். ஆழ அளவையும் எக்ஸ்ரேயையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள் என்று அந்தக் கட்டுரை எழுதியிருந்தால் வாசகருக்கு உபயோகமாக இருந்திருக்கும். அதற்குப் பதில், ரத்தம் வராவிட்டால் கவலை வேண்டாம் என்று வேறு போட்டிருக்கிறீர்கள். புகைப்பவர்களுக்கு ஈறில் ரத்தம் குறைவாகத்தான் வரும், நோய் உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும். அவர்கள் இதைப் படித்து நிம்மதியாக இருந்துவிட்டால் யார் பொறுப்பு?

இது முதல்முறையும் அல்ல. எண்ணெய் கொப்பளித்தால் ஈறு நோய் தீரும் என்று முன்பு எழுதினீர்கள். கொப்பளிப்பது ஆழமான பைகளுக்குள் போகாது, கல்லாக இறுகிய காரையைக் கரைக்கவும் செய்யாது. சர்க்கரை நோய்ச் சிறப்பிதழில் கண், கால், சிறுநீரகம் எல்லாம் வந்தன. ஈறு பற்றி ஒரு சொல் இல்லை. கட்டுப்படாத சர்க்கரை ஈறைக் கெடுக்கும், ஈறு நோய் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதைக் கடினமாக்கும். இதை விளக்கி அப்போதே எழுதினேன். பாராட்டியிருந்த முதல் வரியை மட்டும் பிரசுரித்தீர்கள். நெடுநாள் வாசகனுக்கு அது வருத்தமாகத்தான் இருந்தது.

அதே பக்கத்தில், வாசகர் கண்ணில் படும்படி, டீப் கிளீனிங் பற்றியும் ரத்தம் பற்றியும் வந்த அந்த இரண்டு வரிகளுக்கும் திருத்தம் வெளியிடுங்கள். இனி ஈறு பற்றி எழுதினால் அச்சேறும் முன் ஓர் ஈறு நோய் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்