ஷாக் அடிக்கும் பிலிம் ரோல்: கிள்ளானில் இருக்கும் நண்பனுக்கு

பாடாங் செராய்
ஞாயிறு மாலை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. இரவு ஷிப்ட் முடிந்து வந்தவன் வாசற்படியிலேயே உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன். அம்மாவுக்கு முட்டி வலி குறைந்து கோயில் வரை நடக்கிறார்கள் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை என் வீட்டிலும் படித்துக் காட்டினேன். இங்கே அப்பா நலம். இன்னும் காலை நாலரைக்கே எழுந்து கொள்கிறார். எழுந்து போய் வெட்ட ரப்பர் மரம்தான் இல்லை. நம் தோட்டத்து லயம் இருந்த பக்கம் முழுக்கச் செம்பனை ஆகிவிட்டது. மாரியம்மன் கோயிலும் அதற்குப் பின்னால் அந்தப் பெரிய மழைமரமும் மட்டும் அப்படியே நிற்கின்றன.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். பிளாஸ்டிக் பை வெட்டும் மெஷினில் நிற்கும் பையன் பிலிம் ரோலைத் தொட்டால் முழங்கை வரை ஷாக் அடிக்கிறது, பைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, அச்சடித்த பக்கத்தில் தூசி ஏறுகிறது, மெஷினுக்கு எர்த் கொடுத்தும் பயனில்லை, ஏஜென்ட் சார்ஜைப் போக்கும் அயனைசர் பார் ஒன்றுக்கு விலை சொல்கிறார், வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். கூலிம் ஹைடெக் பார்க் தொழிற்பேட்டையை 1996ல் திறந்தபோது நாம் படிவம் நான்கில் இருந்தோம். பள்ளிப் பேருந்தின் ஜன்னலில் இருந்து அந்தக் கட்டடங்களைப் பார்த்துக்கொண்டே போவோம். இப்போது அதற்குள் இருபது வருஷத்துக்கு மேலாக நான் பார்க்கும் வேலையே இதுதான், எலெக்ட்ரானிக்ஸ் தயாரிப்பில் இந்த நிலைமின்சாரத்தை அடக்குவது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

நீ எர்த் கொடுத்ததில் தவறில்லை. இரும்பு உருளையில் ஏறும் சார்ஜ் அந்த ஒயர் வழியே இறங்கிவிடும். பிலிம் பாலிதீன், மின்சாரத்தைக் கடத்தாது. உருளையைத் தொட்டுப் பிரியும் இடத்தில் அதன் மேல் ஏறிய சார்ஜ் ஏறிய இடத்திலேயே உட்கார்ந்துவிடும். நகர முடிந்தால்தானே எர்த்துக்குப் போகும்? ரோலில் சுற்றச் சுற்ற அது சேர்ந்துகொண்டே போகிறது. ரோலின் பக்கத்தில் பல்லாயிரம் வோல்ட் காட்டுவது சாதாரணம். மழை நாளில் தொல்லை குறைகிறது என்று எழுதியிருந்தாய், சரியாகத்தான் கவனித்திருக்கிறாய். ஈரப்பதம் கூடினால் பொருளின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப் படலம் படிந்து, சார்ஜ் மெதுவாகக் கசிந்துவிடும். எங்கள் தொழிற்சாலை அறையில் ஏர்கோன் ஈரப்பதத்தை 45 சதவீதத்தில் பிடித்து வைத்திருப்பதால் மழையின் உதவி எங்களுக்குக் கிடைப்பதில்லை.

பிலிமில் இருக்கும் சார்ஜ் தானாகப் போகாது என்றால், அதற்கு எதிரான சார்ஜை நாம்தான் அதனிடம் கொண்டுபோக வேண்டும். அயனைசர் அதைக் காற்றின் வழியே செய்கிறது. கூரான ஊசிக்குச் சில ஆயிரம் வோல்ட் கொடுத்தால் முனையை ஒட்டிய காற்று பிளஸ் அயனியாகவும் மைனஸ் அயனியாகவும் மாறும். பிலிம் மைனஸாக இருந்தால் பிளஸ் அயனிகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சமமாகிவிடும். இழுக்கப்படாத மிச்ச அயனிகள் காற்றிலேயே ஒன்றோடொன்று சேர்ந்து மறையும். உன் ஏஜென்ட் சொல்வது ஏசி கரண்டில் ஓடும் பாராக இருந்தால், நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், ஒரே ஊசி நொடிக்கு 50 தடவை பிளஸும் 50 தடவை மைனஸும் தரும்.

நாம் இதைச் சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறோம், தெரியுமா? தோட்டத்து ஸ்டோரில் ரப்பர் பாலைக் கட்ட வைக்கும்போது ஜன்னல் ஓரம் நின்று வேடிக்கை பார்ப்போமே. பாலில் மிதக்கும் ரப்பர் துகள்கள் எல்லாம் மைனஸ் சார்ஜ் உள்ளவை. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருப்பதால்தான் பால் பாலாக இருக்கிறது. கெட்டுப் போகாமல் இருக்க அமோனியா ஊற்றுவார்கள், அது அந்த சார்ஜைக் காப்பாற்றும். அப்புறம் தொட்டியில் ஃபார்மிக் ஆசிட் ஊற்றியதும் பிளஸ் வந்து சேர்ந்து துகள்களின் சார்ஜ் அடங்கிவிடும், தள்ளுவதற்கு ஒன்றும் இல்லாமல் எல்லாம் ஒட்டிக் கட்டியாகும். ஆசிட் அளவு தப்பினால் அன்றைக்குப் பாலே கெட்டது என்று அப்பா சொல்வார். வேலையில் சேர்ந்து முதல் வருஷம் அயனைசர் பயிற்சியில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு அந்தத் தொட்டிதான் ஞாபகம் வந்தது.

அளவு தப்பினால் என்ன ஆகும் என்பதைத்தான் உனக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். சில வருஷத்துக்கு முன்னால் நான் அப்போது வேலை செய்த இடத்தில், ஒரு வரிசையில் மட்டும் சர்க்யூட் போர்டுகள் டெஸ்ட்டில் தோற்க ஆரம்பித்தன. சிப் செத்திருந்தது. அந்த மேஜையில் உட்கார்ந்தவர் சுங்கைப்பட்டாணிப் பக்கத்துத் தோட்டத்தில் இருந்து பேருந்தில் வரும் ஒரு அக்கா, பதினோரு வருஷ அனுபவம். உடம்பில் ஏறும் சார்ஜை எர்த்துக்கு இறக்கும் மணிக்கட்டுப் பட்டையைச் சரியாகப் போடவில்லை என்று அவர் மேல் பழி வந்தது. எச்சரிக்கைக் கடிதம் கொடுத்துவிட்டார்கள். அக்கா என்னிடம் வந்து, "தம்பி, நான் தினமும் செக் பண்ணிட்டுத்தான்யா உட்காருறேன்" என்று சொல்லும்போது குரல் உடைந்தது. அதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

பட்டையைச் சோதித்தேன். உள்ளே இருக்கும் 1 மெகா ஓம் தடையும் சரி, ஒயரும் சரி. அப்புறம் மேஜைக்கு மேலே இருந்த அயனைசர் ஃபேனுக்குக் கீழே அளவுத் தட்டை வைத்தேன். 15 சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு உலோகத் தட்டு, அதற்கு 1000 வோல்ட் ஏற்றிவிட்டு 100க்கு இறங்க எத்தனை நொடி ஆகிறது என்று பார்க்கும் கருவி அது. நல்ல ஃபேன் என்றால் மூன்று நான்கு நொடி. இது இருபதைத் தாண்டியது. அதை விடப் பெரிய அதிர்ச்சி அடுத்த அளவில் இருந்தது. தட்டைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டு ஃபேனைச் சும்மா ஓடவிட்டால் தட்டு தானாக 180 வோல்ட் பிளஸுக்கு ஏறி நின்றது. எங்கள் துறையில் பின்பற்றும் எஸ்20.20 என்ற தரவிதிப்படி இது 35 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். சார்ஜை எடுக்க மாட்டிய மெஷினே போர்டுகளுக்கு சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்தது.

மனிதத் தோலுக்கு ஷாக் தெரிய ஏறக்குறைய 3000 வோல்ட் வேண்டும். சில சிப்புகள் 100 வோல்ட்டுக்குள்ளேயே செத்துப்போகும். அந்த அக்காவால் எப்படித் தெரிந்துகொண்டிருக்க முடியும்? ஃபேனைக் கழற்றிப் பார்த்தால் ஊசி முனைகளில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி படிந்திருந்தது. உயர் வோல்ட் முனையில் காற்றில் உள்ளவை சேர்ந்து அப்படிப் படியும், ஒரு பக்க ஊசியில் கூடுதலாகப் படிந்தால் பிளஸ் மைனஸ் சமம் போய்விடும். ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்து, சமன் திருகைச் சரி செய்தேன். மூன்று நொடி, 10 வோல்ட்டுக்குள். அளவுத் தாள்களை எடுத்துக்கொண்டு மேலே போனேன். அக்காவுக்குக் கொடுத்த கடிதத்தைத் திரும்பப் பெற்றார்கள், ஆனால் மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரம் அவர் தலை நிமிர்ந்து கேண்டீனுக்குக் கூட வரவில்லை. அதற்கு யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை என்பதில் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது.

அதனால் பார் வாங்குவதாக இருந்தால் துடைப்பதற்கும் அளப்பதற்கும் ஒரு ஆளையும் வாரத்தில் ஒரு நாளையும் முடிவு செய்துவிட்டு வாங்கு. பாரை உருளைக்கு மேலே மாட்டாதே, பிலிம் உருளையை ஒட்டி ஓடும் இடத்தில் சார்ஜின் இழுப்பு உலோகத்தின் பக்கம் போய்விடும். கடைசி உருளையை விட்டு, சுற்றப்படுவதற்கு முன் பிலிம் காற்றில் தனியாக ஓடும் இடத்தில், மூன்று நான்கு சென்டிமீட்டர் தள்ளி மாட்டு. பார் வாங்குவதற்கும் முன்னால், எர்த் கொடுத்த செம்பு இழை நாடா ஒன்றை அதே இடத்தில் பிலிமைத் தொடாமல் நெருக்கிக் கட்டிப் பார். சில ரிங்கிட்தான் ஆகும். பெரிய சார்ஜை அது இறக்கிவிடும், கடைசிச் சில ஆயிரம் வோல்ட் மட்டும் நிற்கும். பையனுக்கு ஷாக் நின்றாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது. தூசிக்கு மட்டும் பார் தேவைப்படலாம்.

ஒரு விஷயத்தில் கெஞ்சிக் கேட்கிறேன். அச்சுப் பக்கத்தில் என்ன மை பயன்படுத்துகிறாய்? டொலுவீன் மாதிரி கரைப்பான் கலந்த மையாக இருந்தால் அந்த ஷாக் பொறியே தீப்பிடிக்கப் போதும். சாதாரண பாரின் ஊசியும் அங்கே ஆபத்து. ஆவி உள்ள இடத்துக்கென்று அனுமதி பெற்ற பார் தனியாக வருகிறது, ஏஜென்ட்டிடம் அந்தச் சான்றைக் காட்டச் சொல். காட்டாவிட்டால் வாங்காதே.

உன் மனைவி வாங்கியிருக்கும் நெகட்டிவ் அயன் பெட்டியை மெஷின் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். அது மைனஸை மட்டும் தரும், பாலிதீனில் ஏற்கெனவே இருப்பதும் பெரும்பாலும் மைனஸ்தான்.

மகள் போலிடெக்னிக்கில் மின்னியல் எடுத்திருக்கிறாள். போன வாரம் வீட்டு ஏர்கோன் அறையில் பலூனைத் தலையில் தேய்த்துச் சுவரில் ஒட்டினாள். எடுத்துச் சாமி மேடையில் இருந்த விளக்குச் சுடருக்குப் பக்கத்தில், சுடாத தூரத்தில் ஒரு சுற்றுக் காட்டச் சொன்னேன். மறுபடி ஒட்டவில்லை. சுடரும் அயனி தரும் என்று சொன்னதும் அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ.

மையின் பெயர், பிலிம் ஓடும் வேகம், ரோலின் அகலம் மூன்றையும் எழுது. கோயில் திருவிழாவுக்கு நீ வரும்போது என் கை மீட்டரைத் தருகிறேன், ஒரு மாதம் வைத்து அளந்து பார். அதுவரை அந்தப் பையனை ரோலைத் தொடுவதற்கு முன் உருளைச் சட்டத்தை ஒரு கையால் பிடித்துக்கொள்ளச் சொல்லாதே, அப்போதும் ஷாக் அவன் உடம்பு வழியாகத்தான் போகும். மெஷின் நின்று, நாடா கட்டிய பிறகு மட்டும் தொடட்டும்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உன் பக்கத்து பெஞ்சுக்காரன்