சண்முகத்துக்கு, பாளையங்கோட்டையிலிருந்து

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. கண்ணில் புரை எடுத்திருந்தார்கள். கொஞ்ச நாள் படிக்கவும் கூடாது, எழுதவும் கூடாது என்று டாக்டர் கட்டளை. இப்போது நன்றாகத் தெரிகிறது. உன் கையெழுத்து முன்பைவிடச் சிறுத்திருப்பதும் தெரிகிறது. அதிகாரியாக இருந்தபோது ஃபைல் ஓரத்தில் குறிப்பு எழுதி வந்த பழக்கமா, இல்லை காகிதத்தை மிச்சம் பிடிக்கிறாயா?

இங்கே எல்லோரும் சௌக்கியம். ஆற்றில் தண்ணீர் போகிறது, ஆனால் இறங்கிக் குளிக்கிற மாதிரி இல்லை. பேத்திக்கு வரன் பார்க்கிறோம். வீட்டுக்காரிக்கு மூட்டு வலி. மாடி ஏறுவதை நிறுத்திவிட்டாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "இந்த ஜனங்களுக்கு வெறும் பொறாமை. மேலே இருக்கிறவன் எவனானாலும் திட்ட வேண்டும், அவ்வளவுதான்" என்று எழுதியிருக்கிறாய். வங்கியில் நீ நேராக மேனேஜர் அறைப் பக்கம் நடந்தபோது ஒரு பையன் "வரிசையில வாங்க சார்" என்று சொன்னது உன்னை இவ்வளவு சுட்டிருக்கிறது. அவன் சொன்னதில் என்னப்பா தப்பு? "சார்" வேறு போட்டிருக்கிறான்.

பொறாமை என்று எனக்குத் தோன்றவில்லை. அப்படியென்றால் அது முதலில் பணக்காரன் மேல்தான் வர வேண்டும். நம் ஊரில் நகைக்கடை முதலாளி மகளுக்கு ஊரை அடைத்துப் பந்தல் போட்டுக் கல்யாணம் நடந்தால், ஜனங்கள் போய்ச் சாப்பிட்டுவிட்டு, "பாயசம் பிரமாதம்" என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்கு வருகிறார்கள். கோபம் வருகிற இடம் வேறு. உன் நேரத்துக்கு மதிப்பு உண்டு, என் நேரம் சும்மா கிடக்கிறது என்று யாரோ ஒருவர் என்னைக் கேட்காமலே முடிவு செய்கிறாரே, அங்கேதான் வருகிறது.

போன மாதம் நாகர்கோவிலுக்கு ஒரு துஷ்டிக்குத் துக்கம் கேட்கப் போனோம். நாங்குநேரி டோல்கேட்டில் வண்டி நின்றபோது அந்தப் பெரிய போர்டை முழுதாகப் படித்தேன். யார் யாருக்குக் கட்டணம் இல்லை என்ற பட்டியல் அது. குடியரசுத் தலைவர், பிரதமர், கவர்னர்கள், முதலமைச்சர்கள், நீதிபதிகள், எம்.பி.க்கள் என்று போய்க்கொண்டே இருக்கிறது. அதே பட்டியலில் ஆம்புலன்ஸும் உண்டு, பிணம் ஏற்றிப் போகிற வண்டியும் உண்டு. பரம்வீர் சக்ரா வாங்கிய வீரருக்கும் விலக்கு உண்டு, ஆனால் அவர் போட்டோ ஒட்டிய அடையாள அட்டையைக் காட்ட வேண்டுமாம். நம் டிரைவர், "பெரிய ஆளா இருக்கணும், இல்ல செத்துப்போயிருக்கணும், நடுவுல இருக்கிறவன்தான் துட்டு கட்டணும்" என்றான். எண்பதோ நூறோ கட்டுவதில் அவனுக்கு வருத்தமில்லை. வாங்குகிற சம்பளத்தில் அதை எளிதாகக் கட்டக்கூடியவர்களை விட்டுவிட்டார்களே என்பதுதான் அவன் கணக்கு.

நீதிபதிகள் என்றதும் ஞாபகம் வருகிறது. 2018 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு ஒன்று, டோல்கேட்களில் வி.ஐ.பி.களுக்கும் பதவியில் இருக்கும் நீதிபதிகளுக்கும் தனிப் பாதை விட வேண்டும் என்று உத்தரவிட்டது. நீதிபதிகள் பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருக்க நேர்வது வருத்தத்துக்குரியது என்றார்கள். அன்று டீக்கடையில் பேப்பரைச் சத்தமாக வாசித்தவர் அந்த வரியில் நிறுத்திவிட்டார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார்கள். உன் சர்வீசில் அந்தச் சிரிப்பை நீ கேட்டிருக்க வாய்ப்பில்லை. நீ வந்தாலே எல்லோரும் எழுந்து நின்றுவிடுவார்களே.

அதே உயர் நீதிமன்றத்தில் இன்னொன்றும் நடந்தது. 2021 அக்டோபர் 1, சிவாஜி கணேசன் பிறந்த நாள். அடையாறு மணிமண்டபத்துக்கு முதல்வர் வருகிறார் என்று சாலையை நிறுத்தினார்கள். கோர்ட்டுக்குப் போய்க்கொண்டிருந்த நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் இருபத்தைந்து நிமிடம் மாட்டிக்கொண்டார். உள்துறைச் செயலாளரையே அழைத்து விளக்கம் கேட்டார். செயலாளர் வருத்தம் தெரிவித்தார். அடுத்த சில நாட்களில் முதல்வரின் கான்வாயில் பன்னிரண்டு வண்டி ஆறாகக் குறைந்தது. அவருக்காகப் பொதுப் போக்குவரத்தை நிறுத்த வேண்டாம் என்றும் முடிவாயிற்று. நல்ல விஷயம்தான். நீதிபதி கேட்டது சரி, ஸ்டாலின் செய்ததும் சரி. ஆனால் அந்தச் சாலையில் அதற்கு முன் எத்தனை வருஷமாக எத்தனை பேர் நின்றிருப்பார்கள்? வளைகாப்புக்குப் போனவர்கள், பரீட்சைக்குப் போனவர்கள், டயாலிசிஸுக்குப் போனவர்கள். அவர்கள் நின்றபோது எந்தச் செயலாளரும் வந்து வருத்தம் தெரிவிக்கவில்லை. ஒரு பெரியவர் இன்னொரு பெரியவரால் நிறுத்தப்பட்டால்தான் இங்கே விதி மாறுகிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த வருஷம் ஜூனில் வந்த வேறொரு உத்தரவு: முதல்வர் போகிற வழியில் பந்தோபஸ்துக்குப் பெண் போலீஸை நிறுத்த வேண்டாம் என்பது. வெயிலில், கழிப்பறை இல்லாமல், மணிக்கணக்காகச் சாலை ஓரத்தில் முகத்தைத் திருப்பி நின்ற பிள்ளைகளை எத்தனையோ வருஷம் எல்லோரும் காருக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டே போனார்கள். சைரனைக் கேட்டு எரிச்சல் படுகிற நாமும் அவர்களைப் பற்றி யோசித்ததில்லை.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். "பாதுகாப்பு வேண்டாமா? ஸ்ரீபெரும்புதூர் மறந்துவிட்டதா?" என்பாய். மறக்கவில்லை. 1991 மே மாதம் ராஜீவ் காந்தியைக் கொன்ற அந்த ராத்திரிக்கு அப்புறம் இந்த மாநிலத்தில் எவனும் தலைவர்களுக்குப் பாதுகாப்பே வேண்டாம் என்று பேச மாட்டான். உயிருக்கு ஆபத்து உள்ளவருக்குத் துப்பாக்கியோடு ஆள் போகட்டும், யார் மறுக்கிறார்கள்? ஆனால் ஜீப் தலையில் சுற்றிய சிவப்பு விளக்கு யாருடைய உயிரைக் காப்பாற்றியது? 2017 மே 1 முதல் அதைக் கழற்றிவிட்டார்கள். பிரதமர் காரிலும் இல்லை, மந்திரி காரிலும் இல்லை, அவசர வண்டிகளுக்கு மட்டும்தான். அதனால் யாருக்கும் எதுவும் ஆகிவிடவில்லை. அந்த முடிவு வருவதற்கு ஒரு மாதம் முன்னால்தான், விமானத்தில் எகானமியில் உட்கார வைத்துவிட்டார்கள் என்று ஒரு எம்.பி. ஏர் இந்தியா ஊழியரைச் செருப்பால் அடித்துவிட்டு, அதை டி.வி.யில் பெருமையாகவும் சொன்னார். அந்த விமானத்தில் இருந்ததே எகானமி மட்டும்தான்! இதைப் பாதுகாப்பு என்று எந்த விதியில் எழுதுவாய்?

இனி நான் கண்ணால் பார்த்த ஒன்று. எந்த ஆபீஸ் என்று எழுதப்போவதில்லை, உனக்கு யாரையாவது தெரிந்திருக்கும். எங்கள் தெருவில் ஒரு ஆச்சி இருக்கிறாள். முதியோர் பென்ஷன் 1,200 ரூபாய் திடீரென்று நின்றுபோயிற்று. ஆதாரில் ஒரு எழுத்து, பாஸ்புக்கில் ஒரு எழுத்து. துணைக்கு வாருமய்யா என்று கூப்பிட்டாள், போனேன். "ஐயா கேம்ப்ல இருக்காங்க" என்றார்கள். எப்போது வருவார் என்று கேட்டதற்கு, அப்படிக் கேட்கலாமா என்கிற மாதிரி ஒரு பார்வை. வராந்தாவில் பெஞ்சு இல்லை, படிக்கட்டில் உட்கார்ந்தோம். கதவு திறந்தே இருந்தது. உள்ளே ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலி முதுகில் வெள்ளைத் தேங்காய்ப்பூத் துண்டு, மடிப்புக் கலையாமல். சாப்பாட்டு நேரம் தாண்டி வண்டி வந்து நின்றதும், படிக்கட்டில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். யாரும் எழச் சொல்லவில்லை. ஆச்சி செருப்பைக் கழற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். வெளியில் விட்டால் காணாமல் போய்விடும், போட்டுக்கொண்டு உள்ளே போவதற்கோ மனம் வரவில்லை.

அந்த அதிகாரி கெட்டவர் இல்லை, சண்முகம். ஆச்சியை உட்காரச் சொன்னார், காகிதத்தை வாங்கிப் பார்த்து இரண்டு நிமிடத்தில் கையெழுத்துப் போட்டார். காலையில் ஒருவர் வெளியே வந்து, "ஐயா மூணு மணிக்குத்தான் வருவார், வீட்டுக்குப் போயிட்டு வாங்க" என்று சொல்லியிருந்தால் போதும். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல அங்கே ஆள் இல்லை. கார் கதவைத் திறக்க மட்டும் இரண்டு பேர் இருந்தார்கள்.

2017 அக்டோபரில் இங்கே கொக்கிரகுளத்தில் நடந்ததை நீ பேப்பரில்தான் படித்திருப்பாய். கந்துவட்டிக் கொடுமை என்று பலமுறை மனு கொடுத்த ஒரு கூலித் தொழிலாளி, திங்கள்கிழமை மனுநாளில் கலெக்டர் ஆபீஸ் வளாகத்திலேயே மனைவி, இரண்டு பெண் குழந்தைகளோடு தீ வைத்துக்கொண்டார். நாலு பேரும் பிழைக்கவில்லை. அதன் பிறகு கேட்டில் போலீஸ் நின்று பைகளைத் திறந்து பார்க்கிறார்கள், மண்ணெண்ணெய் பாட்டில் இருக்கிறதா என்று. பார்க்கத்தான் வேண்டும், இன்னொரு உயிர் போகக்கூடாது. ஆனால் ஒன்றை யோசித்துப் பார். மனு எழுதிய காகிதத்துக்கு முன்னால் மனு கொண்டுவருகிறவரின் பைதான் இன்று முதலில் சோதிக்கப்படுகிறது. பை திறந்து காட்டிவிட்டு உள்ளே போகிறவன் மனதில் இருப்பதைப் பொறாமை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

"தப்பு செய்தால் நடவடிக்கை எடுக்கிறோமே" என்றும் எழுதியிருந்தாய். எடுத்த நடவடிக்கை ஒன்றைச் சொல்கிறேன். 2022 மே மாதம் டெல்லி தியாகராஜ் ஸ்டேடியம். ஒரு ஐ.ஏ.எஸ். அதிகாரி நாயோடு நடப்பதற்காக, பயிற்சி செய்கிற பிள்ளைகளைச் சாயங்காலம் ஏழு மணிக்கெல்லாம் வெளியேற்றுகிறார்கள் என்று செய்தி வந்தது. வந்த அன்றே அவரை லடாக்குக்கும் அதே சர்வீசில் இருந்த அவர் மனைவியை அருணாசலப் பிரதேசத்துக்கும் மாற்றினார்கள். ஸ்டேடியங்கள் ராத்திரி பத்து மணி வரை திறந்திருக்கும் என்று டெல்லி அரசு அறிவித்தது. எல்லோரும் கை தட்டினார்கள். லடாக்கில் இருப்பவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? அங்கே போவதை ஏன் தண்டனை என்கிறீர்கள் என்று காஷ்மீர்த் தலைவர் உமர் அப்துல்லா கேட்டார். டெல்லியில் வேண்டாதவர் என்று தள்ளியவரை லடாக் மக்கள் "சார்" என்று கூப்பிட வேண்டுமாம்!

கோயில் கதைக்குப் போனால் இந்தக் கடிதம் முடியாது. திருப்பதியில் தேவஸ்தானத்தின் ஸ்ரீவாணி டிரஸ்டுக்குப் பத்தாயிரம் நன்கொடை கொடுத்து, ஐந்நூறு ரூபாய்க்கு வி.ஐ.பி. பிரேக் தரிசன டிக்கெட் வாங்கலாம். போன முறை உன் மருமகன் அப்படித்தான் போனார் என்று நினைக்கிறேன். இந்தச் சிறப்புத் தரிசனமெல்லாம் கூடாது என்று போட்ட பொதுநல வழக்கில், 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தனி மரியாதை கூடாது என்பது எங்கள் கருத்தாக இருந்தாலும் நாங்கள் உத்தரவு போட முடியாது என்று சொல்லிவிட்டது. அதே மாதம் 29ஆம் தேதி பிரயாக்ராஜ் கும்பமேளா நெரிசலில் 30 பேர் இறந்தார்கள் என்று உத்தரப் பிரதேச அரசு சொன்னது. அப்புறம்தான் வி.வி.ஐ.பி. வாகன பாஸ்களை ரத்து செய்தார்கள். நமக்கு இது புதிதும் இல்லை. 1992 கும்பகோணம் மகாமகம் உனக்கு நினைவிருக்கும், முதல்வர் ஜெயலலிதா நீராட வந்த நேரத்தில் நடந்த நெரிசல்.

அதற்காக ஜனங்கள் எல்லாம் உத்தமர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. விளக்கைக் கழற்றினார்கள், அந்த இடத்தில் ஸ்டிக்கர் வந்து உட்கார்ந்தது. தங்கை வீட்டுக்காரர் ஏதோ ஒரு துறையில் கிளார்க் என்றால் அண்ணன் பைக்கில் "அரசு" என்று ஒட்டிக்கொள்கிறான். 2024 ஏப்ரல் கடைசியில் சென்னைப் போக்குவரத்து போலீஸ், சொந்த வண்டிகளில் பிரஸ், போலீஸ், தலைமைச் செயலகம் என்றெல்லாம் ஒட்டினால் அபராதம் என்று அறிவிக்க வேண்டி வந்தது. அடுத்த கட்சிக்காரர் கான்வாய் போனால் சாபம், நம் ஆள் கான்வாய் போனால் செல்போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ. முன்னால் ஒரு வண்டி குறைந்தாலும், "நம்ம தலைவருக்கு மரியாதை இல்லையா" என்று இவர்களே கேட்பார்கள். அதிகாரி ஒருவர் சிக்கினால் அவர் பெண்டாட்டி பிள்ளை வரைக்கும் இழுத்து நாறடிப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. அந்த இடத்தில் உன் வருத்தம் நியாயம்தான்.

ஆனால் வங்கியில் அந்தப் பையன் சொன்னது இந்தக் கணக்கில் வராது. அவன் உன்னைத் திட்டவில்லை. தனக்கு இருக்கிற அதே வரிசை உனக்கும் உண்டு என்று சொன்னான், அவ்வளவுதான். முப்பது வருஷத்துக்கு மேலாக உன்னிடம் யாரும் அப்படிச் சொல்லாததால் உனக்கு அது அடி மாதிரி விழுந்திருக்கிறது.

உன்னைக் குத்திக் காட்ட இதை எழுதவில்லை. நீ கை நீட்டி வாங்காதவன் என்று எனக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன், நேர்மையாகப் பதில் எழுது. நீ இருந்த ஆபீஸ்களில் உன் அறைக்கு வெளியே காத்திருந்தவர்களுக்கு உட்கார பெஞ்சு இருந்ததா? இருந்ததா இல்லையா என்று நினைவில்லை என்றால், அதையும் அப்படியே எழுது.

பேத்தி வரன் அமைந்தால் தை மாதம் கல்யாணம் வைப்பதாக உத்தேசம். நெல்லை எக்ஸ்பிரஸில் முன்கூட்டியே டிக்கெட் போட்டுவிடு. பண்டிகை நேரத்தில் எவர் சிபாரிசுக்கும் சீட் கிடைக்காது. ஜங்ஷனுக்கு நான் ஆட்டோவோடு வருகிறேன். தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

உன்,
மாரியப்பன்