ஸ்காட்ச் சுவை மாலைக்கு வருமுன்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர், வணக்கம்.

நம் விடுதி வளவில் நடக்கும் ஸ்காட்ச் விஸ்கி சுவை மாலைக்குப் பெயர் கொடுத்திருக்கிறீர்கள். எப்படி வர வேண்டும், என்ன சாப்பிட்டு வர வேண்டும் என்று பலரும் தொலைபேசியில் கேட்பதால் எல்லாருக்குமாக எழுதுகிறோம்.

அன்று மாலை வேலை நாக்குக்கு அல்ல, மூக்குக்கு. இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு என்று நாக்கு சொல்வது கொஞ்சம்தான், மற்றதெல்லாம் மணம். அதனால் சென்ட், அத்தர், வாசனைப் பவுடர் வேண்டாம். ஆச்சிமார்களிடம் ஒரு வேண்டுகோள்: மல்லிகைச் சரத்தை அன்று ஒரு நாள் விட்டுவிடுங்கள். ஒருவர் தலையில் இருந்தால் போதும், மேசையில் உள்ள அத்தனை பேருக்கும் கிளாஸில் மல்லிகைதான் தெரியும். நாங்களும் காலைக்குப் பிறகு சாம்பிராணி போடுவதில்லை. வெற்றிலை பாக்கு, காபி எல்லாம் ஒரு மணி நேரம் முன்பே முடிந்திருக்கட்டும்.

வெறும் வயிற்றோடு வரக் கூடாது. இட்லியோ இடியாப்பமோ தேங்காய்ப் பாலோடு சாப்பிட்டு வாருங்கள். காரம் மட்டும் வேண்டாம். மிளகாய் எரிச்சலை உணரும் அதே நரம்பு முனைகள்தான் ஆல்கஹாலின் எரிச்சலையும் உணர்கின்றன. இரண்டும் சேர்ந்தால் வாய் தீயாகிவிடும், விஸ்கி தெரியாது. கோழி மிளகு வறுவலை ஐந்தாவது கிளாஸ் முடிந்த பிறகே பரிமாறுவோம்.

ஐந்து விஸ்கி, ஒவ்வொன்றும் 15 மில்லி. மூன்று முறை வடித்த, மென்மையான ஆக்கென்டோஷனில் தொடங்குவோம். அடுத்து கிளென்மோரஞ்சி, ஸ்காட்லாந்திலேயே உயரமான வடிகலன்கள் அவர்களுடையவை, 5 மீட்டருக்கும் மேல். மூன்றாவது, ஷெர்ரி என்ற ஸ்பெயின் ஒயின் இருந்த பீப்பாயில் ஊறிய கிளென்ட்ரோனக். பிறகு ஸ்கை தீவின் டாலிஸ்கர். கடைசியில் ஐலா தீவின் லகாவுலின். இந்த வரிசையை மாற்றித் தரச் சொல்லாதீர்கள். கடைசி இரண்டின் புகை மணம் நாக்கிலும் மூக்கிலும் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு ஆக்கென்டோஷனைக் குடித்தால் வெந்நீர் போலத்தான் இருக்கும்.

ஊற்றுவதற்கு முன் வெறும் கிளாஸை ஒருமுறை முகர்ந்து பாருங்கள். தேக்கு அலமாரியில் கவிழ்த்து வைத்த கிளாஸ் அலமாரியின் அடைந்த வாடையை உள்ளே பிடித்து வைத்திருக்கும். ஈரத் துணியால் துடைத்ததில் துணி வாடை வரும். அதனால்தான் சோப்புப் போடாமல் வெந்நீரில் அலசி, துடைக்காமல் காற்றில் உலர வைக்கிறோம். வாடை தெரிந்தால் தயங்காமல் மாற்றச் சொல்லுங்கள். கிளாஸின் அடி குண்டாகவும் வாய் குறுகலாகவும் இருக்கும். மணம் கலைந்து போகாமல் மேலே திரள்வதற்காக அப்படி.

நம் ஊர் வெக்கையில் பெரிய சிக்கல் இதுதான்: 32, 33 டிகிரியில் ஆல்கஹால் குபுகுபுவென்று ஆவியாகி மற்ற மணங்களுக்கு முன்னால் மூக்கில் குத்தும். பாட்டில்களை 20 டிகிரி அறையில் வைத்திருந்து, ஊற்றும் நேரத்தில்தான் வளவுக்குக் கொண்டு வருவோம். ஐஸ் போட மாட்டோம். குளிர்ந்தால் மணம் அடங்கிவிடும், உருக உருக எவ்வளவு தண்ணீர் சேர்ந்தது என்ற கணக்கும் தப்பிவிடும்.

கிளாஸுக்குள் மூக்கை நுழைக்காதீர்கள். முகவாய் அருகே பிடித்து, வாயைச் சற்றுத் திறந்தபடி மெல்ல முகருங்கள், பிறகு கொஞ்சம் மேலே கொண்டு வாருங்கள். மூக்கு மரத்துப் போனால் உங்கள் புறங்கையை முகர்ந்தால் தெளியும். ஒரு சிறு மிடறு, பத்து எண்ணும் வரை வாயில் வைத்திருந்து, விழுங்கியதும் மூக்கு வழியே மூச்சு விடுங்கள்.

அடுத்தது தண்ணீர். முதலில் அரை டீஸ்பூன். 43 சதவீத ஆல்கஹால் உள்ள லகாவுலின் அதில் 37க்கு இறங்கும். முழு டீஸ்பூனில் 32. புகை மணம் தரும் குவையகால் என்ற பொருள் தண்ணீர் சேரும்போது மேற்பரப்புக்கு வருகிறது, அதனால் மணம் விரிகிறது. ஒரேயடியாகக் கொட்டிவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. நம் ஊர்ச் சம்பை ஊற்றுத் தண்ணீரில் வளர்ந்தவர்களுக்குத் தண்ணீரின் ருசியைச் சொல்லித்தர வேண்டியதில்லை: உப்புத் தட்டும் போர்வெல் தண்ணீரும் குளோரின் வாடை அடிக்கும் குழாய்த் தண்ணீரும் விஸ்கியைக் கெடுத்துவிடும்.

மேசையில் சிறு கிண்ணங்களில் கிராம்பு, தேங்காய்ச் சில், வாழைப்பழம், உலர்ந்த திராட்சை வைத்திருப்போம். இவற்றைத் தின்ன வேண்டாம், முகர்ந்து ஒப்பிடுங்கள். கிராம்பின் மணத்துக்குக் காரணமான யூஜெனால் ஓக் மரத்திலும் இருக்கிறது. அமெரிக்க ஓக் தேங்காய் மணம் தரும். வாழைப்பழ மணம் நொதிக்கும்போது ஈஸ்ட் உண்டாக்குவது. வெளிநாட்டுக் குறிப்பேட்டில் உள்ள காட்டுப்பூ எதையும் நீங்கள் தேட வேண்டாம். நம் அடுப்படிப் பெயரே போதும். லகாவுலினில் சிலருக்கு ஆஸ்பத்திரி வாடை தெரியும். சரக்கு கெட்டுப் போகவில்லை. மால்ட்டை, அதாவது முளைகட்டிய பார்லியை, பீட் என்ற சதுப்பு நில மக்கு மண்ணை எரித்த புகையில் உலர்த்தியதால் வந்த ஃபீனால் என்ற பொருளின் வாடை அது.

நிறத்தைப் பார்த்து வயதைக் கணிக்காதீர்கள். ஸ்காட்ச் சட்டப்படி கேரமல் நிறம் சேர்க்கலாம். குறைந்தது 3 ஆண்டு ஓக் பீப்பாயில் இருக்க வேண்டும், ஆல்கஹால் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. லேபிளில் 12 ஆண்டு என்று இருந்தால் உள்ளே கலந்ததில் மிக இளையதன் வயது அது.

ஐந்தையும் முழுதாகக் குடித்தால் சுமார் 25 கிராம் ஆல்கஹால் உள்ளே போகும். அது இறங்க மூன்று மணி நேரமாவது ஆகும், சிலருக்கு அதற்கும் மேல். யாரும் வண்டி ஓட்டிக்கொண்டு திரும்பக் கூடாது. டிரைவரோடு வாருங்கள், இல்லையேல் முதல் நாளே சொல்லுங்கள், கார் ஏற்பாடு செய்கிறோம். முகர்ந்து சுவைத்துத் துப்ப விரும்புவோருக்கு ஆளுக்கொரு பித்தளைச் சொம்பு இருக்கும். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு வாருங்கள். 21 வயது நிரம்பாதவர்களை அனுமதிக்க இயலாது. மாலை 6.30க்கு வளவின் கதவைச் சாத்திவிடுவோம். அதன்பின் திறந்தால் வெக்கை உள்ளே வந்துவிடும்.

இப்படிக்கு,
விடுதியார், காரைக்குடி