தமிழ் மன்றத்தின் ஆண்டறிக்கை, 2024–2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மூத்தோரே, மன்ற உறுப்பினர்களே, வணக்கம்.

மாதக் கூட்டங்கள், பொங்கல் விழா, பள்ளிப் பிள்ளைகளுக்கான பேச்சுப் போட்டி எல்லாம் குறைவின்றி நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். திரூர்ப் பயணத்தைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

2024 டிசம்பர் 25 அன்று மலையாள எழுத்தாளர் எம்.டி. வாசுதேவன் நாயர் மறைந்தார். நம் பாலக்காட்டு மாவட்டத்துக் கூடல்லூர்க்காரர்; துஞ்சன் நினைவு அறக்கட்டளைக்கு நெடுங்காலம் தலைமையேற்று, திரூரில் உள்ள நினைவிடமான துஞ்சன் பறம்பைப் பேணியவர். அவருக்கு நாம் நடத்திய அஞ்சலிக் கூட்டத்தில்தான் துஞ்சன் பறம்பைப் பார்த்துவர வேண்டும் என்ற பேச்சு எழுந்தது.

ஷொர்ணூர் வழியாக ரயிலில் போனோம். 16ஆம் நூற்றாண்டு மலையாளக் கவி துஞ்சத்து எழுத்தச்சன் பிறந்த மண் அது. மரநிழல், குளம், சரஸ்வதி மண்டபம், நூலகம், மலையாள இலக்கிய அருங்காட்சியகம் என்று இன்று எல்லாருக்கும் திறந்த இடமாக இருக்கிறது. அங்குள்ள எட்டி மரத்தின் இலை கசக்காது என்பது ஊரார் நம்பிக்கை. அந்த மண்ணைக் கைப்பிடி எடுத்துவந்து, அதில் பிள்ளைகளுக்கு முதலெழுத்து எழுத வைக்கும் வழக்கமும் உண்டு. ஒரு கவிஞனுக்கு இதைவிடப் பெரிய மரியாதை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் எழுத்தச்சன் கடைசிக் காலத்தில் வந்து தங்கியதாகச் சொல்லப்படும் குருமடம் நம் சித்தூரிலேயே, சோகநாசினி ஆற்றங்கரையில் இருக்கிறது. அவருடையவை என்று போற்றப்படும் எழுத்தாணியும் பாதக்குறடும் அங்கே உள்ளன. அந்த ஆற்று நீர்தான் பறளியில் கல்பாத்திப் புழையோடு சேர்ந்து, பாரதப்புழையாகப் பொன்னானியில் கடலைத் தொடுகிறது. கீழ்க்கரை நாட்டில் பிறந்தவர் மேலே ஏறிவந்து நம் ஊரில் கண்மூடியிருக்கிறார். திரூர் வரை போய்க் கும்பிட்ட நம்மில் பலர் குருமடத்துக்குள் நுழைந்ததே இல்லை என்பது ரயிலில் திரும்பும்போதுதான் தெரியவந்தது. மலையாளக் கவி, நமக்கென்ன என்று தமிழ்க் குடும்பங்கள் ஒதுங்கி நிற்பது சரியல்ல. அவர் இருந்த தெருவில் தமிழ் பேசும் நாமும்தான் நடக்கிறோம்.

ஆகவே செயற்குழு இரண்டு முடிவுகளை உங்கள் ஒப்புதலுக்கு வைக்கிறது. ஆடி மாதமும் மலையாளிகள் ராமாயணம் வாசிக்கும் கர்க்கடக மாதமும் ஏறக்குறைய ஒரே காலம். அந்நாட்களில் வாரம் ஒரு மாலை கிளி சொல்வதாக எழுத்தச்சன் பாடிய அத்யாத்ம ராமாயணம் கிளிப்பாட்டையும் கம்பனையும் அடுத்தடுத்து வாசிக்கலாம். வாலிவதத்தில் தொடங்கினால் பேசுவதற்கு நிறைய இருக்கும். மலையாள எழுத்து தெரியாதவர்களுக்காகப் பாட்டைத் தமிழ் எழுத்தில் படியெடுத்துத் தரச் சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ் படித்த நம் இளைஞர்கள் சிலர் முன்வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு மன்றத்தின் நன்றி.

அடுத்தது, விஜயதசமியன்று எழுத்தறிவிக்க வேண்டிய நம் வீட்டுக் குழந்தைகளைக் குருமடத்துக்குச் சேர்ந்து அழைத்துப் போவது. தமிழில் ‘அ’ எழுத வைக்க அங்குள்ளவர்களிடம் முன்கூட்டியே கேட்டு அனுமதி பெற வேண்டும். பிள்ளைகளின் பெயரைப் புரட்டாசி பிறக்கும் முன்பே என்னிடமோ துணைச் செயலாளரிடமோ கொடுத்துவிடுங்கள்.

இங்ஙனம்,
செயலாளர்